கறுப்புக் கட்டம்

ஏணியைக் காற்று இரண்டு முறை தள்ளிப் பார்த்தது.
புன்டா அரெனாஸில் டிசம்பர் என்றால் இப்படித்தான்:
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்,
தெருவில் போகிறவர்கள் எல்லாரும்
எதையோ ஒப்புக்கொள்ள மறுப்பதுபோல்
தலையைக் குனிந்துகொண்டே நடப்பார்கள்.

நெலிடா பாரியென்டோஸ் அம்மாள்
ஏணிக் காலைத் தன் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.
"உயரத்தில் வை, உலிசெஸ். திருடன் கைக்கு எட்டக் கூடாது."
உயரத்தில் வைத்தால் தொப்பிதான் தெரியும், என்றேன்.
தொப்பியை வைத்து யாரைப் பிடிப்பது?

இரண்டரை மீட்டர். பதினைந்து பாகை கீழ்நோக்கி.
எங்கள் ஊரில் சூரியன் வடக்கே நடக்கிறது,
அதனால் கேமரா தெற்கைப் பார்க்கட்டும்.
பெட்டியில் வரும் கையேடு உலகின் மறுபாதிக்கு எழுதியது,
அதை நம்பக் கூடாது.
தகரச் சுவரில் துளையிட்டால்
வீடு முழுவதும் பல்வலியில் கத்தும்.
பிளக், திருகு, விளிம்பெல்லாம் சிலிக்கான்.
கேபிளை நேரே உள்ளே விடாமல்
துளைக்குக் கீழே தூளிபோலத் தொங்கவிட்டு
பிறகு மேலே ஏற்றினேன்.
மழை அந்த வளைவு வரை வரும்,
வழி மறந்து அங்கேயே சொட்டிவிடும்.

என்ன திருட்டுப் போனது என்று நான் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார்:
ருபார்ப்.
கேட்டோரப் பாத்தியில், முறம்போன்ற இலைகளுக்கு அடியில்
விரல் தடிமனில் சிவக்கும் புளிப்புத் தண்டு.
வாரம் மூன்று. அதற்கு மேல் இல்லை.
"கத்தியால் அறுக்கவில்லை பார்,
அடியில் பிடித்துத் திருகி எடுக்கிறான்.
செடியை அறிந்தவன்."
கோபமா, பாராட்டா, எனக்குப் பிடிபடவில்லை.

எதிர்வீட்டு எலெயுதெரியோ ஒயார்சோ
தெருவைக் கடந்து வந்தார்.
"என் ஜன்னல் அதில் விழுமா?"
விழும்.
"அங்கே நான் கொலையா செய்கிறேன்?
சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
சும்மா உட்கார்ந்திருப்பதைத்தான் யாரும் பார்க்கக் கூடாது."

நியாயம். போனை எடுத்து
அவர் வீட்டு முகப்பின் மேல் விரலால் ஒரு கட்டம் இழுத்தேன்.
கறுப்பு. ஜன்னல், வாசல், புகைபோக்கி, எல்லாம் போயிற்று.
எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அகலம்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அம்மாள் அழைத்தார்.
நாளொன்றுக்கு நானூறு எச்சரிக்கையாம்.
கேட் அசைந்தது. பிளாஸ்டிக் பை பறந்தது.
ருபார்ப் இலை தலையாட்டியது.
இந்த ஊரில் அசையாத ஒன்றைக் காட்டுங்கள்,
நான் காசே வாங்க மாட்டேன்.

உணர்திறனை எழுபதிலிருந்து இருபதுக்கு இறக்கப் போனேன்.
போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து
"முதலில் இதைப் பார்" என்றார்.

அதிகாலை மூன்று பத்து. சாம்பல் நிறத் தெரு.
கறுப்புக் கட்டத்தின் அடியிலிருந்து
முதலில் ஒரு செருப்பு வெளியே வந்தது.
பிறகு முழங்கால். பிறகு மீதி மனிதர்,
இல்லாத இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக.
கேட்டுக் கம்பிகளுக்கிடையே கைவிட்டுத் திருகினார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதைத் தொட்டு, யோசித்து, விட்டுவிட்டார்.
மடங்கிக் கிடந்த ஓர் இலையை நிமிர்த்தப் பார்த்தார்.
காற்று விடவில்லை.
தண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு
திரும்பக் கட்டத்துக்குள் போனார்,
தலை முதலில், செருப்பு கடைசியில்.

கெண்டி கொதித்துத் தானாக அணைந்தது.
கட்டத்தை எடுத்துவிடவா, என்றேன்.
"வேண்டாம். அது அவர் கேட்டது."
கோப்பையைத் துடைத்துக்கொண்டே:
"கேமராவை இடப்பக்கம் கொஞ்சம் திருப்ப முடியுமா?
பாத்தி தெரியாத அளவுக்கு."

மறுபடி ஏணி. மறுபடி அவர் கால்.
திருகைத் தளர்த்தி, இரண்டு விரல் அகலம்.
இப்போது படத்தில் பாதி கேட், காலித் தெரு,
தொலைவில் நீரிணையின் ஒரு கீற்று.
போதும் என்றார்.
ரசீதில் "கோணத் திருத்தம்" என்று எழுதினேன்.

ஏணியை வண்டியில் கட்டும்போது
எங்கிருந்தோ சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து கொதிக்கும் வாசனை.
காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று
நான் கவனிக்கவில்லை.